மும்பையில் ஞாயிறும் திங்களும் மட்டும்: எதை வைக்கலாம், எதை விடலாம்?

தென்காசிச் சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையை ஒட்டி மும்பை போகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அம்மா. ஜனவரி 16 சனிக்கிழமை இரவு ரயிலில் குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸில் (எல்.டி.டி.) இறங்குகிறோம். 18 திங்கள் இரவு 9.30-க்கு டெர்மினல் 2-இலிருந்து சென்னைக்கு விமானம். ஆக, கையில் இருப்பது ஞாயிறு முழுதும், திங்கள் சாயங்காலம் வரைக்கும்.

நான் போட்டு வைத்திருப்பது இது. ஞாயிறு: ஜூஹு கடற்கரை, கன்ஹேரி குகைகள், ஃபிலிம் சிட்டி, பாந்த்ராவில் நடிகர் வீடுகள், சீ லிங்க் கடற்பாலம், ஹாஜி அலி தர்கா. திங்கள்: கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபெண்டா தீவுக் குகைகள், மியூசியம், மெரின் டிரைவ், சித்திவிநாயகர், அங்கிருந்து நேராக ஏர்போர்ட்.

ஓட்டல் இன்னும் போடவில்லை. அந்தேரியில் வாடகை குறைவாகத் தெரிகிறது, விமான நிலையமும் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவார், ஆனால் மெதுவாக. சுத்த சைவம். எங்கள் இந்தி அரைகுறை. இந்தத் திட்டம் தேறுமா?

மாட்டுங்கா மாமா:

தேறாது தம்பி. முதல் தப்பு, திங்களில் எலிஃபெண்டா. அந்தத் தீவுக்குத் திங்கள்கிழமை வார விடுமுறை. கன்ஹேரி இருக்கிற சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் திங்கள் மூடல். நேரு கோளரங்கம், கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் நவீன ஓவியக்கூடம், இவையும் அப்படியே. கேட்வேயில் வந்து நின்ற பிறகு படகு இல்லை என்று தெரிந்து திரும்புகிறவர்கள் வாரா வாரம் உண்டு. எலிஃபெண்டாவை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும்.

இரண்டாவது தப்பு, அந்தேரி. இந்த ஊர் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரு பட்டை. பார்க்க வேண்டிய பழைய பம்பாய் முழுவதும் தென்கோடியில் ஒரு நாலு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தேரியிலிருந்து சர்ச்கேட்டுக்கு ரயில் தூரமே 22 கி.மீ. காலையில் 8 முதல் 11 வரை கூட்டம் மொத்தமும் தெற்கே போகும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை அதே கூட்டம் வடக்கே திரும்பும். அந்தேரியில் தங்கினால் இரண்டு வேளையும் அந்த வெள்ளத்தோடு போக வேண்டும். தெற்கே தங்கிக் காலையில் வடக்கே போனால் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். வாடகையில் மிச்சமாகிற காசை டாக்ஸிக்கும் அலுப்புக்கும் கொடுத்துவிடுவீர்கள்.

ஆகவே கொலாபாவில் தங்குங்கள். ஃபோர்ட்டும் பரவாயில்லை. ஆனால் உங்கள் தேதிக்குக் கொலாபாதான் சரி என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மும்பை மாரத்தான் வழக்கமாக ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடக்கும். 17-ஆம் தேதி அந்த ஞாயிறுதான். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம்) வாசலிலிருந்து மெரின் டிரைவ், பெடர் ரோடு, வோர்லி, சீ லிங்க் வரை விடியற்காலையிலிருந்து பகல் வரை ரோடுகளை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் வடக்கிலிருந்து டாக்ஸியில் கேட்வே வருவதென்பது நடக்காத காரியம். கொலாபா காஸ்வே பக்கம் தங்கினால் கேட்வேக்குப் பத்து நிமிட நடை. ஓடுகிறவர்களும் அந்த வட்டாரத்தில்தான் அறை எடுப்பார்கள், அதனால் ஓட்டலை இன்றைக்கே போடுங்கள். அடையாள அட்டை அசல் எல்லாருக்கும் வேண்டும், பையனுக்கும் சேர்த்து.

ஞாயிறு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குக் கேட்வே. ஒன்பது மணிக்கு முதல் படகு. ஒன்றரை வாக்கில் கரைக்குத் திரும்பி, சாப்பாடு முடித்து, மூன்று மணிக்கு மியூசியம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா என்று சொன்னால் டாக்ஸிக்காரர் முழிப்பார், ‘மியூசியம்’ என்றால் போதும். காலை 10.15 முதல் மாலை 6 வரை. முழுவதையும் பார்க்க நினைத்தால் அம்மாவின் கால் தாங்காது. தரைத்தளச் சிற்பக்கூடம் உங்களுக்கு, பாடம் செய்த விலங்குகள் இருக்கும் இயற்கை வரலாற்றுப் பிரிவு பையனுக்கு. ஐந்து மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேர நடைதான் இந்த ஊரிலேயே காசில்லாமல் கிடைக்கும் நல்ல விஷயம். மியூசியத்திலிருந்து பல்கலைக்கழகத்து ராஜாபாய் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே ஓவல் மைதானத்துக்கு வாருங்கள். மைதானத்தின் குறுக்கே நடைபாதை ஒன்று போகும். அதன் நடுவில் நின்று கிழக்கே திரும்பினால் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று கூர்மாடம் வைத்த 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். மேற்கே திரும்பினால் 1930-களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள், வளைந்த பால்கனியும் வெளிர் நிறப் பூச்சுமாக வரிசை கட்டி நிற்கும். இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே மைதானத்தில் பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்று பையன் கண்டுபிடிக்கட்டும்.

அங்கிருந்து சர்ச்கேட் தாண்டினால் மெரின் டிரைவ். ஜனவரி நடுவில் சூரியன் ஏறத்தாழ 6.20-க்கு விழும். ஆறு மணிக்குள் கடலோரச் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். திரும்பக் கொலாபாவுக்குக் கறுப்பு மஞ்சள் டாக்ஸி. மினிமம் 31 ரூபாய். ‘மீட்டர் சே?’ என்று ஏறும் முன்பே கேளுங்கள். தலையாட்டாத வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், வந்துகொண்டே இருக்கும்.

ஃபிலிம் சிட்டி, ஜூஹு, நடிகர் வீடு எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நடிகர் வீட்டில் பார்க்கக் கிடைப்பது ஒரு கேட்டும் நாலு செக்யூரிட்டியும்தான்.

தண்டவாளப்பிரியன்:

மாமா சொன்னதோடு ரயில் சமாச்சாரத்தைச் சேர்க்கிறேன் அண்ணே.

எல்.டி.டி.யில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஆட்டோ சயனுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே போக அனுமதி இல்லை. கொலாபா கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் பாதி வழியில் இறக்கி வேறு வண்டி மாற்றுவார் என்று அர்த்தம். டாக்ஸியோ ஆப் வண்டியோ பிடித்து ‘ஈஸ்டர்ன் ஃப்ரீவே’ வழி என்று சொல்லுங்கள். செம்பூர் பக்கம் ஏறினால் சிக்னல் இல்லாமல் சி.எஸ்.எம்.டி. அருகே பி. டிமெல்லோ ரோட்டில் இறங்கிவிடலாம். இரவில் முக்கால் மணி நேரம் போதும். ஹார்பர் லைனில் திலக் நகர் ஸ்டேஷன் பக்கம்தான், ஆனால் பெட்டியோடு படிக்கட்டு ஏறி இறங்கணும். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

லோக்கல் வண்டி: மூன்று லைனை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். சர்ச்கேட்டில் கிளம்புவது வெஸ்டர்ன். சி.எஸ்.எம்.டி.யில் கிளம்புவது சென்ட்ரல், ஹார்பர். வெஸ்டர்னும் சென்ட்ரலும் தாதரில் சந்திக்கும். பழைய ஆட்கள் சி.எஸ்.எம்.டி.யை இன்னும் ‘விடி’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

பலகையில் போகும் ஊர், ஸ்லோவா ஃபாஸ்ட்டா, 12 பெட்டியா 15 பெட்டியா என்று மூன்று தகவலும் வரும். மாட்டுங்காவில் ஸ்லோ வண்டிதான் நிற்கும். தெரியாமல் ஃபாஸ்ட்டில் ஏறினால் மாட்டுங்கா ஜன்னலில் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டே குர்லா போய்த் திரும்பி வர வேண்டியதுதான். பிளாட்பாரத்தில் பச்சைக் கோடு போட்ட இடத்தில் பெண்கள் பெட்டி நிற்கும், சிவப்பு மஞ்சள் கோட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ். கூட்டமில்லாத நேரத்தில் நாலு பேரும் சாதாரணப் பெட்டியிலேயே போகலாம். வண்டி இருபது முப்பது விநாடிதான் நிற்கும். இறங்கும் ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்பே எழுந்து, பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று கதவருகே நிற்பவரிடம் கேட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஏறுவதானால் அம்மாவை முதலில் ஏற்றிவிட்டு நீங்கள் கடைசியாக ஏறுங்கள். கடைசி ஆள் விடுபட்டால் அது போன் வைத்திருக்கிற ஆளாக இருக்கட்டும்.

டிக்கெட் ஆப்பில் எடுப்பதானால் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்கப் பார்த்தால் ஜி.பி.எஸ். பார்த்து மறுத்துவிடும். வண்டி வந்து போகும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் ஸ்டேஷன் வாசல் தானியங்கி இயந்திரம். மினிமம் டிக்கெட் 5 ரூபாய்.

ஞாயிறு பகலில் லோக்கலை நம்ப வேண்டாம். பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ என்று காலை பத்தரை பதினொன்றிலிருந்து நாலு ஐந்து மணி வரை ஏதாவது ஒரு தடத்தை மூடுவார்கள். ஃபாஸ்ட் வண்டிகள் ஸ்லோ தடத்தில் நெரிந்து வரும், சில வண்டி ரத்தாகும். மாமா போட்ட ஞாயிறு முழுக்க நடையும் டாக்ஸியுமாக இருப்பதால் உங்களுக்குத் தொல்லை இல்லை. கன்ஹேரிக்காக போரிவலி போயிருந்தால் மாட்டியிருப்பீர்கள்.

கல்வெட்டுக் கிறுக்கன்:

எலிஃபெண்டாவைப் பற்றி மட்டும். மும்பையில் வேறு எதையும் பார்க்காமல் இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

கேட்வேயில் பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் டிக்கெட் கத்தி விற்பார்கள். அதில் பாதி ‘ஹார்பர் ரைடு’, அரை மணி நேரம் கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் படகு. எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் படகும் அங்கிருந்தேதான். ‘எலிஃபெண்டா கேவ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். போகவும் வரவும் சேர்த்து ஒரே டிக்கெட், திரும்பும்போது அதைக் காட்ட வேண்டும். மேல்தளத்துக்குப் படகிலேயே பத்து ரூபாய் போலத் தனியாக வாங்குவார்கள். அம்மாவைக் கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டாம். 2024 டிசம்பரில் இந்தத் தடத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கொடுத்ததைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் படகில் ஏறுவது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் படகு படிக்கட்டுக்குக் கீழே தாழ்ந்து நிற்கும், கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். சில வேளை ஒரு படகைத் தாண்டி அடுத்த படகுக்குக் கால் வைக்க வேண்டிவரும். படகுக்காரர்கள் கை கொடுப்பார்கள். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், பட்டை வைத்த காலணி போடச் சொல்லுங்கள்.

பயணம் ஒரு மணி நேரம். இறங்கியதும் படகுத்துறையிலிருந்து படி அடிவாரம் வரை சின்ன ரயில் ஓடும், அதில் ஏறிவிடுங்கள். அடிவாரத்தில் ஊராட்சி வரி என்று சில்லறை வாங்குவார்கள், அது முறையானதுதான். பிறகு ஏறத்தாழ 120 படி. அகலமான படி, இரண்டு பக்கமும் கடை, மேலே தார்ப்பாய் நிழல். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் டோலி உண்டு, நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். போக வர எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசி முடிக்க வேண்டும். போவதற்கு மட்டும் பேசி ஏறினால் இறங்கும்போது அவர்கள் சொல்வதுதான் விலை. கையில் தின்பண்டமோ தண்ணீர்ப் பாட்டிலோ தெரிந்தால் குரங்கு பறித்துவிடும், பைக்குள் வையுங்கள்.

குகைக்குத் தொல்லியல் துறை டிக்கெட் தனி. இந்தியர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் 35. பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். தீவில் சிக்னல் சுமார்தான், முந்தின நாள் இரவே எடுத்துவிடுங்கள்.

உள்ளே போன பலபேர் பெரிய சிலை முன் போட்டோ எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். வாசல் வடக்குப் பார்த்தது. நுழைந்ததும் வாசலிலேயே வலப்பக்கம் நடராசர், இடப்பக்கம் யோகீசுவரர். நேரே நடந்தால் தெற்குச் சுவரில் சதாசிவர், ஏறத்தாழ 20 அடி. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, இரண்டு நிமிடம் தூணோரம் நில்லுங்கள். கடையில் விற்கும் அட்டைகளில் ‘திரிமூர்த்தி’ என்று இருக்கும், பிரம்மா விஷ்ணு சிவன் என்று வழிகாட்டியும் சொல்வார். அப்படி இல்லை. மூன்றும் சிவனுடைய முகங்கள். நம் இடப்பக்க முகம் அகோரம், மீசையும் கையில் பாம்புமாக உக்கிரமாக இருக்கும். வலப்பக்க முகம் பெண்மை சாயல், கையில் தாமரை மொட்டு. நடு முகத்தின் கீழுதட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நின்றால் அந்தத் தடிப்பு தெரியாது.

சதாசிவருக்கு இடப்பக்கம் அர்த்தநாரி, வலப்பக்கம் கங்காதரர். மேற்கே லிங்கம் இருக்கும் சதுரக் கருவறை, நான்கு பக்கமும் வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஆளுயரத்தை விடப் பெரிய துவாரபாலகர்கள். அதன் அருகே அந்தகாசுர வதமும், பார்வதி கையைப் பிடிக்கும் கல்யாணசுந்தரரும். கிழக்குப் பக்கம் இராவணன் கயிலையை அசைக்கும் காட்சி. நம் ஊர்க் கோயில்களில் கதை தெரிந்த ஆட்களுக்கு வழிகாட்டி தேவையே இல்லை, அம்மாவே பையனுக்குச் சொல்லிவிடுவார். கை கால் உடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பையன் கேட்பான். போர்ச்சுகீசியர் காலத்துச் சேதம் அதில் பெரும்பங்கு. குகை 6-ஆம் நூற்றாண்டு வாக்கிலானது, 1987-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மற்ற குகைகள் முடிவு பெறாதவை, சமதளப் பாதைதான், நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம். பீரங்கி இருக்கும் குன்றுக்கு ஏற வேண்டாம். பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்குக் கீழே இறங்கத் தொடங்குங்கள். ஞாயிறு பிற்பகலில் திரும்பும் படகுக்கு வரிசை நீளும்.

பாந்த்ரா பையன்:

சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து ஜூஹு காட்டாமல் அனுப்புவது நியாயமா? ஞாயிறு சாயங்காலம் மியூசியத்துக்குப் பதில் பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட், அப்படியே ஜூஹுவில் பாவ்பாஜி. மியூசியத்தைத் திங்களுக்குத் தள்ளலாமே, அது திங்களும் திறந்திருக்கும்.

மாட்டுங்கா மாமா:

கடற்கரை வேண்டுமானால் மெரின் டிரைவ் முனையிலேயே கிர்காவ் சௌபாட்டி இருக்கிறது, அதே பாவ்பாஜி, அதே மணல். ஞாயிறு சாயங்காலம் ஜூஹுவில் ஊரே இருக்கும். கொலாபாவிலிருந்து போகவர மூன்று மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். இரண்டு நாளில் மூன்று மணி நேரம் பெரிய காசு.

தென்காசிச் சாரல்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு அப்படியே வைத்துக்கொள்கிறேன். கொலாபாவில் ஓட்டலும் பார்த்துவிட்டேன். திங்களை எப்படி அடுக்குவது? சித்திவிநாயகர் அம்மாவின் ஆசை, விட முடியாது. அலுவலகங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகும் டப்பாவாலாக்களைப் பார்க்க முடியுமா? ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

தண்டவாளப்பிரியன்:

திங்களுக்கு முதுகெலும்பு மெட்ரோ 3. கஃப் பரேடிலிருந்து ஆரே வரை நிலத்தடியில் ஓடுகிறது, 2025 அக்டோபரில் முழுத் தடமும் திறந்தாகிவிட்டது. சித்திவிநாயகருக்கும் ஏர்போர்ட் இரண்டு டெர்மினலுக்கும் தனித்தனி ஸ்டேஷன் இருக்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது. அவற்றைப் படித்துவிட்டு தாதரில் இறங்கி டாக்ஸி தேட வேண்டாம்.

காலை ஏழே காலுக்கு விதான் பவன் ஸ்டேஷனில் ஏறுங்கள். வடக்கே போகும் வண்டி அந்த நேரத்தில் காலி. அரை மணிக்குள் சித்திவிநாயக். செவ்வாய்தான் அங்கே பெருங்கூட்டம், திங்கள் இரவே அதற்கு வரிசை தொடங்கிவிடும். திங்கள் காலை தோதான நேரம். வயதானவர்களுக்கான வரிசை எது என்று வாசலிலேயே காவலர்களிடம் கேளுங்கள். அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

ஒன்பது மணிக்கு மறுபடி மெட்ரோ ஏறி மகாலட்சுமி. இப்போது நீங்கள் கூட்டத்தோடு தெற்கே வருகிறீர்கள், நிற்க வேண்டியிருக்கும், ஆனால் நாலு ஸ்டேஷன்தான். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய பாலத்தில் நின்றால் கீழே தோபி காட் என்னும் திறந்தவெளிச் சலவைத்துறை, வரிசை வரிசையாகக் கல்தொட்டிகள். வேலை நாள் காலையில்தான் அது முழு ஓட்டத்தில் இருக்கும். மேலிருந்தே பாருங்கள், பத்து நிமிடம் போதும். கீழே கூட்டிப்போகிறேன் என்பவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து டாக்ஸியில் பைகுல்லா ராணிபாக் மிருகக்காட்சிசாலை. ஜிஜாமாதா உத்யான் என்பது அதிகாரப் பெயர், புதன் விடுமுறை, திங்கள் உண்டு. பையனுக்கு ஹம்போல்ட் பென்குயின். ஞாயிறு போனால் பென்குயின் கண்ணாடிக்கு முன்னால் தலைகள்தான் தெரியும், திங்கள் காலை நிம்மதி. வளாகத்தை ஒட்டியே பாவ் தாஜி லாட் மியூசியம். அதன் வெளியே ஒரு கல் யானை நிற்கிறது. எலிஃபெண்டா என்ற பெயருக்குக் காரணமான யானை அதுதான், தீவிலிருந்து கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். முந்தின நாள் தீவைப் பார்த்துவிட்டு வருகிற பையனுக்கு இதைக் காட்டாமல் விடாதீர்கள்.

டப்பாவாலா: பதினொன்று முதல் பதினொன்றே முக்கால் வரை சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலில் டப்பாக்களை இறக்கிப் பிரிப்பார்கள். வேலை நாளில் மட்டும். அதைப் பார்ப்பதானால் ராணிபாக்கை விட வேண்டும். பத்து வயதுப் பையன் இருப்பதால் என் ஓட்டு பென்குயினுக்கு. வழியை மறித்து நின்று போட்டோ எடுத்தால் அவர்கள் நின்று பதில் சொல்ல மாட்டார்கள், இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் ரயிலோடு கட்டியது.

ஏர்போர்ட்டுக்கு: அறையைக் காலையில் காலி செய்து பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துச் செல்லுங்கள். மாலை ஐந்தேகாலுக்கு எடுத்துக்கொண்டு ஐந்தரை, ஐந்தே முக்காலுக்கு விதான் பவன் அல்லது கஃப் பரேட் ஸ்டேஷனில் ஏறிவிடுங்கள். கிளம்பும் இடத்திலேயே ஏறினால்தான் பெட்டியோடு உட்கார முடியும். சி.எஸ்.எம்.டி.யிலேயே நிரம்பும், பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இன்னும் நெரியும். ஒரு மணி நேரத்துக்குள் டெர்மினல் 2 ஸ்டேஷன். மேலே வந்து டெர்மினல் வாசலை அடைய இன்னொரு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ரோட்டில் நிற்கும்போதே எடுங்கள், கீழே எல்லா நெட்வொர்க்கும் எடுப்பதில்லை. அந்த நேரத்தில் டாக்ஸி என்றால் ஒன்றரை மணியும் ஆகலாம், இரண்டரையும் ஆகலாம். பெட்டியோடு வெஸ்டர்ன் லைனில் அந்தேரி போகலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

டெர்மினல் எண்ணை டிக்கெட்டில் இன்னொரு முறை பாருங்கள். 1-உம் 2-உம் வேறு வேறு ஸ்டேஷன்.

கல்யாணி புனே:

அண்ணா, சாப்பாட்டை யாரும் சொல்லவில்லை. பைகுல்லாவிலிருந்து ஸ்லோ வண்டியில் வடக்கே ஐந்தாவது ஸ்டேஷன் மாட்டுங்கா. கிழக்குப் பக்கம் இறங்கினால் பூக்கடை, வாழையிலை, ஃபில்டர் காபி என்று நம் ஊர் மாதிரியே இருக்கும், அம்மாவுக்குப் பழகின சாப்பாடு கிடைக்கும். ஆனால் அங்கே பெயர்போன சில கடைகளுக்குத் திங்கள்தான் வார விடுமுறை. ஒரே கடையை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், முதலில் போன் போட்டுக் கேளுங்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே ராம் ஆஸ்ரய் இருக்கிறது, டிபன் வகைதான், சோறு எதிர்பார்க்க வேண்டாம். அங்கிருந்து இரண்டு, இரண்டரைக்கு விடி வண்டி ஏறினால் காலியாக வரும். விடி கட்டடத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் நின்றால் கழுத்துதான் வலிக்கும். சுரங்கப்பாதையில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் படகிலிருந்து பசியோடு இறங்குவீர்கள். ஃபோர்ட்டில் அலுவலகக் கூட்டத்தை நம்பி நடக்கும் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். கொலாபா காஸ்வே பக்கமே சைவக் கடையாகப் பார்த்து முடித்துவிடுங்கள். படகில் கொறிக்க ஏதாவது பைக்குள் இருக்கட்டும்.

குஜராத்தி தாலி ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்றால் கால்பாதேவி பக்கம், அங்கேயும் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. பருப்பிலும் சர்க்கரை இருக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். வடாபாவில் உள்ளே தடவும் சிவப்புப் பொடி பூண்டுச் சட்னி. பூண்டு சேர்க்காதவர் என்றால் ‘லசுன் நஹி’ என்று சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்:

அம்மா பூண்டு சேர்ப்பார், பிரச்சினை இல்லை. ஞாயிறு கடல் கொந்தளித்துப் படகை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

கல்வெட்டுக் கிறுக்கன்:

ஜனவரியில் அது அபூர்வம், மழைக்காலத்தில்தான் அடிக்கடி நிறுத்துவார்கள். அப்படியே நிறுத்தினாலும் காலையிலேயே மியூசியத்துக்குள் நுழைந்துவிடுங்கள், 10.15-க்குத் திறக்கும். மாரத்தானால் அடைத்த ரோட்டை நடந்தே கடக்கும் தூரம்தான். பிற்பகல் முழுக்க ஓவல் மைதானத்துக்கு. இரண்டு மணிக்கு மேல் படகு மறுபடி ஓடத் தொடங்கினால் ஏற வேண்டாம். போய்ச் சேர மூன்று ஆகும், கடைசிப் படகு ஐந்தரை வாக்கில். அம்மா படி ஏறி இறங்கும் நேரத்தையும் படகு வரிசையையும் கழித்தால் குகையை நிதானமாகப் பார்க்க நேரம் மிஞ்சாது.